இந்தச் சனிக்கிழமை மனு வீட்டில்

ஜெப்ஸி சவப்பெட்டியின் மூடி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூடி அது. மூன்று மணிக்குக் கிங்ஸ்டன் மாமா அதை எடுக்க வந்தபோது, அவர் கைக்கு முந்தித் தானே தரையில் இறக்கி, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்து போகவேண்டி வரும்.

நாலடி தள்ளி, நடுவீட்டில், திறந்த பெட்டிக்குள் அம்மா ஜீவமணி கிடந்தாள். ஒரு வருஷமாக டயாலிசிஸ். வியாழக்கிழமை விடிகாலையில் போய்விட்டாள்.

“ஏளா, எந்தி. நாலரைக்கு எடுக்கணும்னு எல்லாருக்கும் சொல்லியாச்சி,” என்றார் மாமா.

“அப்பா வராம மூடப்புடாது மாமா.”

அம்மாவின் அண்ணன் அவர். சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட வாத்தியார். குரலை உயர்த்தாமலே ஒரு வகுப்பை அடக்கிவிடுவார். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அந்த வித்தை செல்லுபடியாகவில்லை. குனிந்து அவள் காதோடு பேசினார்.

“போலீஸ் வேன்ல வந்து எறங்கணுமா? இத்தன சனமும் வேடிக்க பாக்கணுமா? சின்னவ பயந்துருவா. காரியம் முடிஞ்சதும் ஒங்க ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போயிருதேன். அங்கன யாருக்கும் ஒண்ணுந் தெரியாது. அந்த ஆள் சங்காத்தத்த இதோட விட்டுருவோம்.”

மாமா கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர் அவர்தான், பெட்டி செய்யச் சொன்னவரும் அவர்தான். ஆனால் ‘இதோட விட்டுருவோம்’ என்றாரே, அந்த ஒரு சொல் அவளை மூடியோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டது.

அப்பா ஜெயசிங் உப்பு லாரி ஓட்டியவர். ஆறரை வருஷத்துக்கு முன்னால், லாரி ஷெட்டில் நடந்த சண்டையில், அவர் வீசிய ஜாக்கிக் கம்பி பட்டு ஓர் ஆள் செத்துப்போனான். பொய்க் கேஸ் ஒன்றும் இல்லை. அவரே ஒத்துக்கொண்டார். ஆயுள் தண்டனை விழுந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது சின்னவள் கெசியா அம்மா வயிற்றில் நாலு மாசம்.

ஜீவமணி அவரை மன்னித்தாளா என்பது யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. மாசாமாசம் இரண்டாவது சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஜெயிலுக்கு மனு பார்க்கப் போவதை மட்டும் அவள் நிறுத்தவே இல்லை. உள்ளே இருப்பவரைப் பார்க்க எழுதிக் கொடுப்பதுதான் மனு. அந்த வாசலில் நிற்கிறவர்கள் வாயில் சந்திப்புக்கே அந்தப் பெயராகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் இவர்கள். பேசுவதற்கு ஒரு போன். அதை எடுத்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “சாப்ட்டாச்சா?”

பத்தாவது படிக்கும்போது ஒருமுறை ஜெப்ஸி வரமாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கொலைகாரன் மகள் என்று சொல்லியிருந்தாள். அம்மா தலை பின்னிக்கொண்டே பதில் சொன்னாள்:

“எனக்குப் புருசன் வேண்டாம்னு நான் சொல்லலாம். நீ அப்பா வேண்டாம்னு சொல்லக்கூடாதுளா. கெளம்பு.”

இன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை.

நேற்று முழுக்க ஜெப்ஸி பக்கத்து வீட்டுச் சந்தனச்செல்வி அக்காவோடு அலைந்தாள். அக்காவின் தம்பியும் உள்ளே இருந்து வந்தவன்தான். எந்தக் காகிதத்துக்கு எந்த வாசல் என்று அவளுக்குத் தெரியும். கிராம அலுவலரிடம் ஒரு கையெழுத்து, ஆஸ்பத்திரியில் ஒரு சான்று, பிறகு பாளை பஸ். உத்தரவு கிடைத்துவிட்டது. வீட்டுக்கும் கல்லறைக்கும் காவலோடு வந்துபோகலாம். அப்பாவுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு மணிக்கே வேன் புறப்பட்டுவிட்டது. ஆனால் வாகைக்குளம் தாண்டி ஒரு உப்பு லாரி குப்புறக் கிடக்கிறதாம், ரோடு அடைத்துக் கிடக்கிறதாம். லாரியில் ஏற்றிய உப்பு இந்தக் குடும்பத்தை விடுகிறதாக இல்லை.

நாலரை ஆனது. குருவானவர் உள்ளே வந்து மூடியையும் அதன்மேல் இருந்தவளையும் பார்த்தார்.

“கல்லறைத் தோட்டத்துல லைட்டு கெடையாதும்மா. அஞ்சரைக்கு மேல என்னால முடியாது.”

“அஞ்சரைக்கு நானே எந்திச்சிருதேன், ஐயா.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னொரு பாட்டு பாடுங்க,” என்றார் பெண்களிடம். தொண்டை வறண்டு போனவர்கள் ஆறாவது பாட்டை ஆரம்பித்தார்கள்.

அதுவும் முடிந்து, ஐந்தேகாலுக்கு மாமா இரண்டு ஆட்களோடு வந்து நின்றார்.

“புள்ளையோட சேத்துத் தூக்கி ஓரமா வைங்கப்பா. பொறவு மூடிய எடுத்துக்கிடலாம்.”

ஆட்கள் தயங்கினார்கள். அந்த நேரம் பார்த்து கெசியா வந்து அக்காவை ஒட்டி மூடி மேல் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவின் பட்டன் போன் இரண்டு நாளாக அவள் கையைவிட்டு இறங்கவில்லை. சார்ஜ் செத்துப்போன போன்.

“நானும்,” என்றாள்.

இரண்டு பேரைத் தூக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஜெப்ஸிக்கு அழுகை முட்டியது. இப்போது அழுதால் எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து இருபத்தைந்துக்குத் தெருமுனையில் வேன் திரும்பியது.

ஜெயசிங் இறங்கினார். ஒரு போலீஸ்காரர் அவர் கையைப் பிடித்திருந்தார், விலங்கு இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற மாதிரி இருவரும் கைகோத்துக்கொண்டே வந்தார்கள். சனம் ஒதுங்கி வழி விட்டது. ஜெப்ஸி எழுந்தாள். கால் மரத்துப்போய்ச் சாய்ந்தவளை மாமாதான் தோளில் தாங்கிக்கொண்டார்.

ஜெயசிங் பெட்டி அருகே முழங்கால் போட்டார். கோத்த கையோடு போலீஸ்காரரும் மண்டியிட வேண்டியதாயிற்று. பிறகு போலீஸ்காரரே கையை விட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். ஜெயசிங் குனிந்து மனைவியின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். முதுகு குலுங்கியது.

கெசியா அக்காவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அப்பாவுக்குக் காலு இருக்கு,” என்றாள் மெதுவாக. அவள் கண்டதெல்லாம் கண்ணாடிக்குள் நெஞ்சுக்கு மேலேதான்.

“போயிப் பேசு,” என்றாள் ஜெப்ஸி.

சின்னவள் இரண்டு எட்டு வைத்தாள். அவர் திரும்பினார். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவளுக்கோ எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள். செத்த போனைக் காதில் வைத்தாள்.

“அப்பா?”

யாரும் சிரிக்கவில்லை. ஜெயசிங் கையை மடக்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

“சொல்லும்மா.”

“சாப்ட்டாச்சா?”



“சாப்ட்டேன். நீ?”

மணி ஐந்தரை. மாமா அதற்குள் மூடியை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். ஜெப்ஸி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“மாமா, சனிக்கிழம காலைல சாத்தான்குளத்துலேருந்து பாளைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. போனைக் காதைவிட்டு எடுக்காத சின்னவளைப் பார்த்தார். குருவானவரைப் பார்த்தார். குருவானவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

“ஆறேகாலுக்கு ஒண்ணு இருக்கு,” என்றார் மாமா.

மூடியைத் திரும்பவும் சுவரோரம் சாய்த்து வைத்தார்.