மழையில் இறங்காத வண்டி

"யாருமே பாக்காத எடத்துக்கு எதுக்குப்பா பெயிண்ட் அடிக்கிய?" என்று ஷீஜா கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கரமனைப் பட்டறையில், கழற்றிப் போட்ட டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் கை ஒரு ஜீப்பின் அடிவயிற்றுக்குள் இருந்தது.

"கர்த்தர் பாப்பாருல்லா மக்களே."

"அவருக்கு வேற சோலி இல்லியா?"

அப்பா ராஜையன் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது நடந்து இருபத்திரண்டு வருடமாகிறது.

இப்போது அவர் முன்னால் ஸ்ரீகண்டனின் சிவப்பு வண்டி நின்றது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட பழைய இங்கிலாந்து கார். திருவனந்தபுரத்தில் அதற்கு ஜோடி கிடையாது. கிழக்கேகோட்டையில் அக்ரகாரத்து வீட்டில் இருந்த ஸ்ரீகண்டன் சித்திரையில் இறந்துபோய்விட்டார். மகன் வெளிநாட்டில். மனைவி சாவித்ரி மாமி வண்டியை விற்க முடிவுசெய்து, துருவை மட்டும் பார்த்துக் கொடு என்று அனுப்பியிருந்தார். கொச்சியிலிருந்து சனிக்கிழமை வாங்க ஆள் வருகிறது.

கடல் காற்று கதவுகளின் கீழ்விளிம்பைத் தின்றிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். இடதுபக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். தகரம் தகரமாகவே பேசிக்கொண்டு வந்தது. இடது ஆசனத்தில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் குரல் செத்துப்போயிற்று. காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் விழுந்தது. பள்ளம் நிரப்பும் பட்டி. யார் வைத்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய கைதான்.

அதே வருடம் மழைக்காலத்தில் ஒரு ஹர்த்தால் நாள், ஊரே கடையடைப்பு. பள்ளிக்கூடம் இல்லாததால் ஷீஜா பட்டறைக்கு வந்திருந்தாள். இதே ஓட்டையை அடைக்கத்தான் வண்டி நின்றது. வேலை எதுவரை ஆயிற்று என்று பார்க்க ஸ்ரீகண்டன் நடந்தே வந்திருந்தார். காலையிலிருந்து காய்ச்சலாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று வலிப்பு கண்டது. தெருவில் ஓர் ஆட்டோ இல்லை. "ஏறுடா, குழந்தையை மடியில வச்சுக்கோ" என்று ஸ்ரீகண்டன் அந்தப் பாதி பிரித்த வண்டியை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார். நல்ல மழை. ரோட்டுத் தண்ணீர் ஓட்டை வழியாகப் பீறிட்டு ராஜையனின் காலை நனைத்தது. பட்டம் சந்திப்பைத் தாண்டும்போது ஷீஜாவின் ஒரு செருப்பு கழன்று அந்த ஓட்டை வழியாகவே ரோட்டில் விழுந்தது.

"சாமி, செருப்பு."

"திரும்பி வரச்சே எடுத்துக்கலாம்" என்றார் ஸ்ரீகண்டன், வேகத்தைக் குறைக்காமல்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது யாரும் செருப்பைத் தேடவில்லை.

மகளின் அடக்கம் முடிந்து பட்டறைக்கு வந்த ராஜையன், அந்த ஓட்டைமேல் வெல்டிங் சுடரைக் கொண்டுபோனார். கை போகவில்லை. நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி, புதுத்தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டிய இடம். பழைய பத்திரிகையைச் சுருட்டித் திணித்து, பட்டி பூசி, கறுப்புப் பெயிண்டை அடித்து, முடிந்தது சாமி என்று கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை சாவித்ரி மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். ராஜையன் தரைவிரிப்பை விலக்கிக் காட்டினார்.

"இது நான் அடச்சதாக்கும் மாமி. தகரம் இல்ல. பேப்பரும் பட்டியும். சாமிய ஏமாத்திட்டேன்."

"அவருக்குத் தெரியும்."

ராஜையன் நிமிர்ந்தார்.

"வண்டி ஆத்துக்கு வந்த அன்னிக்கே காந்தம் வச்சுப் பாத்தார். விழுந்துடுத்து. அப்பறம் மழைன்னா வண்டியை வெளியில எடுக்கவே மாட்டார். பஸ்ஸுக்கு நிப்பார். பொண்டாட்டி நனைஞ்சாலும் நனைவா, வண்டி நனையப்படாதுன்னு தெருவே சிரிச்சுது. நானும் எத்தனை சண்டை போட்டிருக்கேன் கேட்டயா."

"வேற பட்டறைக்காவது கொண்டு போயிருக்கலாமே மாமி."

"அவா திறந்து பாத்தா ராஜையன் பேர் போயிடும்னார்."

"அப்பம் எங்கிட்டயே கொண்டு வந்திருக்கலாம்லா?"

மாமி அந்தக் கறுப்புத் திட்டைக் காட்டினார். "உங்கிட்ட வந்தா அந்த எடத்தை நீ மறுபடி தொடணுமே. அதுக்கு அவருக்கு மனசு வரலை." பிறகு புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சொன்னார்: "இப்பவும் நீ தொட வேண்டாம். வாங்கறவர்கிட்ட நான் உள்ளதைச் சொல்லிக்கறேன். வேண்டாம்னு போனா போகட்டும்."

ஆட்டோ போன பிறகு ராஜையன் அங்கேயே நின்றார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் தப்பு செய்தவனுக்கே தெரியாமல், அதை இருபத்திரண்டு வருடம் தன் வீட்டு வாசலில் நனையாமல் வைத்துக் காத்த ஒரு மனிதர் இதே ஊரில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். யாரையும் திறக்கவிடாத அந்தக் காத்தலில்தான் வண்டி உள்ளுக்குள் துருப்பிடித்து அழுகியிருக்கிறது.

ஷட்டரைப் பாதி இறக்கினார். பட்டியைக் கொத்தி எடுத்தார். பத்திரிகைச் சுருள் மக்கி, கையில் பொடியாக உதிர்ந்தது. ஓட்டையின் வழியே பட்டறையின் தரை தெரிந்தது. ஒரு சின்னச் செருப்பு நுழையுமளவு. வெல்டிங் சுடரை ஏற்றினார். இந்த முறை கை போயிற்று. நல்ல தகரம் தெரியும்வரை வெட்டினார். புதுத்தகட்டை அளந்து, மடித்து, பற்றவைத்தார். தகட்டை ஒட்டி ஓடும், உள்ளே கூடான பெட்டிப் பகுதியை மூடும் முன், இனி எந்தக் கையும் கண்ணும் எட்டாத அந்த உட்புறத்துக்கு இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்தார். மூலைகளுக்குச் சின்னத் தூரிகை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. சந்தில் ஆள் இல்லை. காந்தத்தை வைத்துப் பார்த்தார், இழுத்தும் வரவில்லை. வண்டியைத் தள்ளி முற்றத்து மழையில் நிறுத்தினார். துணிக்கூரையைப் பூட்டி, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு இடது ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். முற்றத்துத் தண்ணீர் வண்டியின் அடியில் ஓடும் சத்தம் கேட்டது. மடியில் இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு, வெறும் பாதங்களைத் தகட்டின்மேல் அழுத்தி, அவர் காத்திருந்தார். தகடு காய்ந்தே இருந்தது.