நாற்பது நிமிட வெளிச்சம்

ஃப்ரீசர் அலாரம் வீல் என்று அலறியது. இருட்டறையில் மைக்ராஸ்கோப் முன்னால் இருந்த டெக்னீஷியன் லென்ஸைத் திருப்பி மாற்றிவிட்டு எழுந்து ஓடினாள். ஃப்ரீசருக்குள் முந்நூறு நோயாளிகளின் சாம்பிள்கள். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப நாற்பது நிமிடம் ஆனது.

அவள் நாற்காலியில் லேப் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமே தெரியலையேம்மா. கும்மிருட்டு."

ஸ்லைடில் இருந்தது அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜை. அதன் டி.என்.ஏ.வில் சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றுமாக இரண்டு சாயங்களை ஒட்டவைத்திருந்தாள். இரண்டும் சேர்ந்து மஞ்சளாக மின்னினால் அவன் நோய்க்கு மாத்திரை உண்டு. மின்னாவிட்டால் கைவிரிப்புதான்.

சாயத்தை மின்ன வைக்கும் விளக்கே அதைத் தின்றும்விடும். பார்க்கப் பார்க்க வெளுக்கும். எழுந்தால் முதலில் விளக்கின் ஷட்டரை மூடு என்று பதினொரு வருடமாக எல்லோரையும் விரட்டியே அவளுக்கு 'ஷட்டர் அக்கா' என்று பெயர்.

"ஊரையே திட்டுற ஷட்டர் அக்கா, இன்னிக்கு நீங்களே திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க."

"பதட்டத்துல மறந்துட்டேன் சார்."

"இன்னொரு தடவை எடுக்கச் சொல்லலாமா?"

"அவன் உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதுவே கடுகளவுதான் கிடைச்சுது."

போன் அடித்தது. வார்டிலிருந்து தம்பி.

"என்னக்கா, மஞ்சள் வந்துச்சா? இல்ல, என் செல்லும் என்னை மாதிரியே தூங்குதா?"

"ஸ்லைடு கெட்டுப்போச்சுடா. முடிவு சொல்ல முடியலைன்னுதான் எழுதணும்."



"அப்போ இல்லைன்னு ஆகலையே?"

"ஆகலை."

"அது போதும்க்கா. அம்மாகிட்ட அப்படியே சொல்லிடறேன்." சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. வைத்துவிட்டான்.

தலைவர் லென்ஸை விரலால் தொட்டுக் காட்டினார். "செல்லை எண்ணுறதுக்குப் பெரிய லென்ஸ்தான் போடுவோம். இதுல சின்னது இருக்கு. சின்னதுலதான் அந்தக் கடுகளவு இடம் முழுக்க ஒரே நேரத்துல வெளிச்சம் படும்."

அவள் கையை நீட்டி, இனி மூடி எந்தப் பயனும் இல்லாத ஷட்டரை மூடினாள்.

"அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை செல் எண்ணினீங்க?"

"எண்ண வேண்டிய இருநூறையும் எண்ணிட்டேன் சார். ஒண்ணுலகூட மஞ்சள் இல்லை."