மூன்றாவது டியூப்

திருப்பூரில் ஏறிய பஸ் கள்ளக்குறிச்சியில் இறக்கிவிட்டதும் அஜித் பைக்குள் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கப் பையில் மூன்று களிம்பு டியூப் இருந்திருக்க வேண்டும். இருந்தது இரண்டு.

கரப்பானுக்கு வந்த புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் அவன் சேர்ந்து எட்டு வாரம் ஆகிறது. சாயப்பட்டறையில் வெடித்துப்போன விரல்களால் போனைத் தட்டக்கூட முடியாது. ஊரிலிருக்கும் தங்கை ரம்யாவுக்குச் செய்தி அனுப்ப, எல்லாவற்றையும் வாயால் சொல்லிப் போனையே எழுத வைப்பான். இப்போதுதான் கை கொஞ்சம் தேறி வருகிறது. ஆய்விலிருந்து தூக்கிவிட்டால் களிம்பு நின்றுபோகும். வெடித்த கையோடு பட்டறையில் யார் வைத்துக்கொள்வார்கள்?

மருத்துவமனை பெஞ்சில் தியாகதுருகத்துச் செல்லமுத்து உட்கார்ந்திருந்தார். அவரும் அதே ஆய்வில் இருப்பவர்தான்.

"இன்னா தம்பி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லண்ணே. டியூப்பு ஒண்ணு கம்மியானா இன்னா பண்ணுவாங்க?"

"காலி டியூப்பயே தராசுல வெக்கறாங்கப்பா! போன மாசம் பூசாமயே பூசினேன்னு வுட்டேன். எட போட்டுட்டு, 'அப்ப எதங்க பூசினீங்க, காத்தயா'ன்னு கேட்டுது அந்த ருக்சாரம்மா."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அஜித்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது டியூப் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், அவன் அம்மா இருசம்மாளிடம் இருந்தது. மரவள்ளிக் கிழங்கு உரித்து உரித்து அவளுக்கும் கையெல்லாம் கரப்பான். ஆய்வில் சேர இருவருமாகத்தான் மலையிறங்கி வந்தார்கள். அவளை மட்டும், ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஈரலில் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது அவள் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டே சோறு போட்டாள். காய்ச்சல் மாத்திரையோ கண் சொட்டு மருந்தோ, அந்த வீட்டில் ஒருவருக்கு வாங்கினால் எல்லோருக்கும்தான். கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

ஆய்வைக் கவனிக்கும் ருக்சார் அவனை உள்ளே கூப்பிட்டாள். ஆய்வுக்கு ஆள் சேர்க்க மலைக்கு பஸ் ஏறி வந்தவள் அவள்தான். அவன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"செவப்ப மட்டும் தேடினா ஒங்க கையில ஒண்ணுமே இல்லன்னு எழுதிடுவாங்க. இந்தக் கறுத்த தோல்ல கரப்பான் கருநீலமாத்தான் தெரியும். அதுக்குத்தான் எல்லா ஊர்க்காரங்களும் வேணும்னு அலையறேன். மலையிலேர்ந்து ஆறு பேர சேத்தேன். அஞ்சு பேரு வேல தேடிப் போயிட்டாங்க. நீங்களாவது நில்லுங்க அஜித்." கையை நீட்டினாள். "டியூப்பு?"

"ரெண்டுதான்க்கா. ஒண்ணு பஸ்ல தொலஞ்சி போச்சி."

"யாரும் எடுத்துப் பூசாம இருந்தா சரி. ஒத்துப் பாக்க பாதிப் பேருக்கு மருந்தில்லாத களிம்புதான் தருவாங்க; ஒங்களுதுல இருக்கறது மருந்தா வெறும் களிம்பான்னு எனக்கே தெரியாது. மருந்தா இருந்து, ஈரல் சரியில்லாதவங்க பூசினா ஜாஸ்தி ஆபத்து."

அவள் பேனாவை எடுத்தாள். போன வாரம் போனில் அம்மா சொன்னது அஜித்தின் காதில் ஓடியது: 'கை ஆறிக்கினு வருதுடா. சோறுதான் எறங்க மாட்டேங்குது.'

"அக்கா, எழுதாதீங்க. எங்கம்மா கையில கீது அது."

பேனா நின்றது.

"எத்தினி நாளா பூசறாங்க?"

"இருவது நாளா."

"கண்ணு மஞ்சளா கீதா?"

"தெரிலக்கா."

அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"இன்னியோட நிறுத்தச் சொல்லுங்க. டியூப்போட அவங்கள கூட்டிக்கினு வாங்க, ரத்தம் பாக்கணும்."

"என்னத் தூக்கிடுவீங்களாக்கா?"

"அத டாக்டருதான் சொல்லணும். நீங்களா வந்து சொன்னீங்கன்னு நான் எழுதறேன். மொதல்ல அம்மாவப் பாருங்க."

வெளியே வந்து போனை வாயருகே வைத்துக்கொண்டான். "ரம்யா, அம்மாவ அந்தக் களிம்பத் தொடக் கூடாதுன்னு சொல்லு. கண்ணு மஞ்சளா இருக்குதான்னு பாரு." செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. மலையில் சிக்னல் அடிக்கடி போய்விடும். கூப்பிட்டுப் பார்த்தான், போகவில்லை.

பஸ் நிலையத்தில் திருப்பூர் வண்டி புறப்பட நின்றது. அதைத் தாண்டி ஓடி வெள்ளிமலை வண்டியில் தொற்றினான்.

மலை வளைவில் வண்டி சாய்ந்தது. விழாமலிருக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்தான். ஐந்து விரலும் வலியில்லாமல் முழுதாக மடங்கின. பல மாதமாக அவன் ஏங்கிய பிடி அது. அப்படியென்றால் டியூப்பில் இருந்தது மருந்துதான்; அம்மா பூசியதும் அதுதான்.

போனைப் பார்த்தான். இன்னும் ஒற்றை டிக்.