இரண்டு சொட்டு அமோனியா

என் வேலையைப் பற்றி அம்மாவுக்கு வெட்கம். பெண் பார்க்க யாராவது வந்தால், “டாக்டர் எண்டு மட்டும் சொல்லு பிள்ளை, மிச்சத்தைச் சொல்லாதை” என்பார். மிச்சம் இதுதான்: நோயாளியின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த நூலளவு சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று சொல்வேன். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டேன். காலப்போக்கில் பெண் பார்க்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

1985இல் வட சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தத் துணுக்குகள் அடுத்தடுத்து கோலாலம்பூருக்கு வந்தன. எல்லாம் முற்றிய நோய். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று முன்பே பார்த்திருந்தால் சிலரையாவது காப்பாற்றியிருக்கலாம். அதை ஆராய ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தைக் கேட்டு வாங்கினேன். ஏன் அந்தத் தோட்டம் என்றார் மேலதிகாரி. அறிவியலாக ஏதோ சொல்லி வைத்தேன். அர்ஜுனன் அங்கே மண்டோர், வேலையாட்களுக்கு மேஸ்திரி, என்பதைச் சொல்லவில்லை.

என் அப்பா முன்பு அங்கே கிராணியாக, கணக்கெழுதுபவராக, இருந்தார். அர்ஜுனனின் அப்பா பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூட லோரியில் அவன் எனக்காக ஓரத்தில் இடம் பிடித்து வைத்து, ‘வாகி’ என்று கூப்பிடுவான். அவ்வளவுதான் எங்கள் கதை. அதுவே அப்பாவுக்கு அதிகமாகப் பட்டது. என்னைப் படிக்க மதராஸுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஓர இடத்தை நான் மறக்கவே இல்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்களே, அது என்னைப் பார்த்துத்தான்.

முதல் நாளே புட்டிகள் அனுப்பியிருந்தேன். மறுநாள் மத்தியானம் போனபோது, காலைச் சிறுநீர் நிரம்பிய புட்டிகளைத் தோட்டத்து மருந்தகத்தில் அடுக்கி வைத்துவிட்டு அர்ஜுனன் காத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. இன்னும் கல்யாணமாகவில்லை. விசாரித்து வைத்திருந்தேன்.

“வாங்க, டாக்டரம்மா,” என்றான். அந்த ‘டாக்டரம்மா’ எனக்குப் பிடிக்கவில்லை.

சோதனைத் தாளை ஒவ்வொரு புட்டியாக நனைத்தேன். புரதம் இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும். பச்சையானது. அடுத்ததும் பச்சை. தொழிலாளர் குடியிருக்கும் லயமே நோயில் கிடக்கிறதா? பெரிய கண்டுபிடிப்பு என்று மனம் துள்ளியது. வாரா வாரம் வரலாம் என்று இன்னும் கொஞ்சம் துள்ளியது. பிறகு அர்ஜுனனின் புட்டி. எல்லாவற்றையும்விடக் கரும்பச்சை. அவன் சிறுநீரகத்தின் துணுக்கு ஒருநாள் என் கண்ணாடிச் சில்லில் வந்து கிடக்குமா?

புட்டியை அருகில் கொண்டுவந்தேன். நெடி மூக்கில் ஏறியது. பால் சேகரிக்கும் கொட்டகையில் அடிக்கும் அதே நெடி.

“இதுல என்ன ஊத்துனீங்க?”

“அமோனியாதான். நீங்க வர்றதுக்குள்ள கெட்டுடக் கூடாதுல்ல? பால் உறையாம இருக்க ஊத்துறோமே, அது மாதிரி. நானே எல்லாத்துலயும் ஊத்துனேன். என்னோடதுல ரெண்டு சொட்டு கூடவே.”

“ஏன் கூட?”

“நம்மளாலே உங்க ஆராய்ச்சி கெட்டுச்சுன்னு ஆகக் கூடாது லா.”

அமோனியா பட்டால் புரதமே இல்லாவிட்டாலும் தாள் பச்சையாகும். வயிறு நோகச் சிரித்தேன். கண்ணில் நீர் வந்ததற்கு நெடிதான் காரணம் என்று அவன் நினைத்திருப்பான்.

மறுநாள் விடியலில், மரம் வெட்டப் போவதற்கு முன், எல்லோரிடமும் மறுபடி வாங்கினேன். ஒவ்வொரு தாளும் மஞ்சளாகவே இருந்தது. அவனுடையதும்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்கீங்க,” என்றேன். நல்ல சேதிதான். சொல்லிக்கொண்டே புட்டிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினேன்.

“அப்ப இனிமே வர மாட்டீங்க?”

“இங்க வேலை முடிஞ்சிருச்சே.”

அவன் புட்டிப் பெட்டியைத் தூக்கிவந்து காரில் ஓரமாக இடம் பார்த்து வைத்தான். கதவைச் சாத்திவிட்டுச் சன்னலருகே குனிந்தான்.

“நேத்து நான் அமோனியாவப் பத்திச் சொல்லியிருக்கவே கூடாது, வாகி.”

“நானும் கேட்டிருக்கக் கூடாது,” என்றேன்.