நாற்பது நிமிடம்

ஆடிக் காற்று மறுபடி எழுந்ததும் கயல் கோணிச்சாக்கை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றாள். ஸ்டாண்டில் செங்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தும் அது நடுங்கியது. மொட்டைமாடிக்கு வந்து ஷட்டரைத் திறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் முப்பது நிமிடம் திறந்தே இருக்க வேண்டும். அதுவரை துளி அசைந்தாலும் படம் கெட்டுவிடும்.

படம் அப்பாவுடையது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த சண்முகராஜ், ஞாயிற்றுக்கிழமையானால் ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேகமலைப் பக்கம் போய்விடுவார். வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் வெல்டிங் கண்ணாடியை ஒட்டி, பட்டப்பகலில் அரை மணி நேரம் ஷட்டரைத் திறந்துவைப்பார். படத்தில் ஓடுகிற மேகமெல்லாம் மலைமேல் பஞ்சை இழுத்துவிட்டதுபோல் விழும். இரண்டாயிரத்து இரண்டில் நுரையீரல் கெட்டுப்போய்க் கட்டிலில் விழுந்தார். கயல் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்ததும் அப்போதுதான். அம்மாவால் தனியாக முடியாது என்று திருப்பூரிலிருந்து அண்ணன் போனில் சொன்னான். எத்தனை நாளைக்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அப்பா படுத்திருந்த அறையை விட்டு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் அவள் வெளியே இருந்ததில்லை.

இன்று மதியம்தான், ஃபிலிமில் கடைசியாக ஒன்று மிச்சமிருக்கிறது, மாடியில் வைத்து எடு என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"நாப்பது நிமிசம் ஆத்தா. எடையில என்ன ஆனாலும் எறங்கி வந்துறாத."

அவள் தயங்கினாள். நான் பக்கத்தில் இருக்கிறேன், போ என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கீழேயிருந்து அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னொரு முறையும் கூப்பிட்டாள். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அது கூப்பிடுகிற சத்தம் இல்லை.

கயலுக்குப் புரிந்துவிட்டது. கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. அதற்குள் சாக்கு படபடத்து ஸ்டாண்டில் உரசப் போக, இழுத்துப் பிடித்தாள். இன்னும் பதினேழு நிமிடம். நின்றாள். கைகள் மரத்துப்போயின. மலைமேல் மேகம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் ஏதோ கட்டு அவிழ்ந்ததுபோல் லேசாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

நேரம் முடிந்ததும் ஷட்டரை மூடிவிட்டு இறங்கினாள்.

அம்மா மூக்கம்மாள் காப்பி டம்ளரோடு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"காப்பி வேணும்னு என்னைய அடுப்படிக்கு அனுப்புனாக. கொண்டாறதுக்குள்ள... உன்னைய ரெண்டு வாட்டி கூப்புட்டேனே."

"காத்தும்மா," என்றாள் கயல். "கேக்கல."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு டம்ளரைத் தட்டால் மூடிவைத்தாள்.

அண்ணன் போனில் அழுதான். இனிமேல் அம்மாவுக்கு நீதான் துணை என்றான். சரி என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவாசி காலைப் பிடித்துக்கொள்ள, கயல் தலைமாட்டில் நின்று அப்பாவின் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். கட்டிலிலிருந்து, உடலைக் கிடத்தப் போட்டிருந்த பெஞ்சுக்கு நாலடிதான். பாதி தூக்கியதும் நிறுத்தினாள். அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்தி, அவருக்கு மூச்சு அடங்கட்டும் என்று காத்திருப்பாள்.

அம்மாவாசி நிமிர்ந்து பார்த்தார். கயல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.