ஏசியின் முதுகு

எங்கள் வீட்டு ஏசி குளிராததற்குக் காரணம் நான்தானாம். சமையலறைக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறேனாம். என் வீட்டுக்காரர் வேதமுத்து திருமுல்லைவாயில் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொண்ணூற்று மூன்று, மே மாதம். அவர் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பழைய ஜன்னல் ஏசியை ஏலம் விட, இவர் எடுத்து வந்துவிட்டார். எங்கள் தெருவுக்கே முதல் ஏசி. அதன் முதுகு தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். அதனால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை உடைத்து மாட்டினார். முகம் ஹாலில், முதுகு என் அடுப்படியில்.

மகராசன்! திருடன் வரவில்லை, நான்தான் வெந்தேன். ஏசியைப் போட்டதுமே அதன் முதுகிலிருந்து அனல் அடிக்கும். கழுத்தெல்லாம் வேர்க்குரு. வெள்ளிக்கிழமை தாளிக்கும்போது கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “வெயில்னா அப்டித்தாண்டி செலின்,” என்றார் ஹாலிலிருந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவருடைய அக்கா தெரசா, குடும்பத்தோடு பூந்தமல்லியிலிருந்து சாப்பிட வருவதாக இருந்தது. எட்டுப் பேருக்குப் பிரியாணி. அந்த அனலில் இன்னொரு நாள் நின்றால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அவருக்கோ ஹால் குளிரவில்லையே என்று கவலை. காலையிலேயே மெக்கானிக் துலுக்கானத்தைக் கூட்டிவந்தார்.

“கேஸ் போய்ட்சா பாரு. இவ வேற கதவத் தொறந்துகினே கீறா.”

“கேஸெல்லாம் நல்லாத்தான் கீது அண்ணாத்தே. பின்பக்கம் எங்க?” என்று சமையலறைக்குள் வந்த துலுக்கானம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. “அய்யோ! இன்னா அண்ணாத்தே இது? சூட்ட வெளிய தள்றதுதான் இதோட வேல. நீ அக்கா தலையில தள்ள வுட்டுகீறே. அதே சூடு கதவு வழியா திரும்பி வருது, ஹாலு எப்டி குளிரும்? தெருப்பக்கச் சுவத்துல மாட்டு.”

“அடுத்த மாசம் பாத்துக்கலாம். இன்னிக்கு இவ சமாளிச்சுக்குவா.”

சமாளிப்பேனாம்! கரண்டியை மேடைமேல் வீசினேன். “துலுக்கானம், அத்தத் திருப்பி மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்?”

“அரை மணி. ஆனா குளிரு இங்க வரும், சூடு ஹாலுக்குப் போய்டும்க்கா.”

“போவட்டும்.”

“ஏய், அக்கா வருது!” என்று பதறினார் வீட்டுக்காரர்.

“அப்ப பிரியாணிய நீங்களே கிண்டுங்க.”

அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஏசியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

நான் ஜிலுஜிலுவென்ற காற்றில் தம் போட்டேன். ஹாலில் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தும் தெரசா அண்ணி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். முதலில் அவர் எழுந்து உள்ளே வந்தார், பிறகு பிள்ளைகள், அவர்களுடைய அப்பா. கடைசியாக, தொப்பலாக நனைந்த சட்டையோடு என் வீட்டுக்காரர்.

பச்சடிக்கு வெங்காயம் பாக்கி இருந்தது. கத்தியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“ஒரு மணி நேரத்துக்கே உசுரு போவுது. எப்டிடி நீ இத்தினி நாளு நின்னே?”

இந்தக் கேள்வியை அவர் வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கலாம்.

“நாளைக்கே தெருச் சுவத்த ஒடச்சு மாட்டிர்றேன்,” என்றார்.

“எதுக்கு? இங்கியே இருக்கட்டும்,” என்று இன்னும் நாலு வெங்காயத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.