நாலாவது பிளக்

நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டும். மாற்றினால் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இருபத்தாறு வருடமாக, வண்டி கொண்டுவருகிற எல்லோரிடமும் தொண்டை வற்ற இதைத்தான் சொல்லிவருகிறேன். வாத்தியாரின் வண்டியில் நான் மாற்றியது மூன்றுதான்.

நாலாவது பிளக் எஞ்சினுக்குப் பின்பக்கம், முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். அந்த வண்டியை வடிவமைத்த மகராசன் ஒருநாளாவது அதைத் தன் கையால் கழற்றிப் பார்த்திருக்க மாட்டான். அன்றைக்கு எனக்கு அது ஐந்தாவது வண்டி. இடுப்பு விட்டுப்போயிருந்தது. பழசே இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பானெட்டை மூடிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து இன்று காலை வாத்தியார் வந்தார். மகள்தான் ஓட்டி வந்தாள். வண்டியை வாங்க ஆள் இருந்தால் சொல்லச் சொன்னார். பாலம் ஏறும்போதெல்லாம் குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுகிறதாம். ஒருமுறை பின்னால் வந்த லாரி மோதாமல் மயிரிழையில் தப்பினாராம். தன் கால்தான் கிளட்சில் நிற்பதில்லை, எழுபத்தெட்டு வயசுக்கு இது போதும் என்று அன்றைக்கே அவரே சாவியை மகளிடம் கொடுத்துவிட்டாராம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அவர் மனைவி இருக்கிறார். ஞாபகம் கரைந்துகொண்டே போகிற நோய். பெற்ற மகளையே தெரியவில்லை. தினமும் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த இவரை மட்டும் தெரிந்திருந்தது. அங்கே பஸ் போகாது. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிகிறது.

ஏதோ அடைப்பு என்று மழுப்பிவிட்டு, சத்தமில்லாமல் அந்த நாலாவது பிளக்கை மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் மனசு நோகக்கூடாதென்று அப்படிச் சொல்கிறேன் என்றே நினைத்திருப்பார். பெஞ்சில் உட்கார்ந்து இடது காலைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு தப்பும் செய்யாத கால்.

அரை மணி நேரம் குனிந்து கிடந்து அதைக் கழற்றினேன். முனை தேய்ந்து, கரி ஏறியிருந்தது. அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"உங்க கால்ல ஒண்ணுமில்ல சார். இத மாத்தாம விட்டது நான்தான். மாத்திட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மகள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப நான் ஓட்டலாமா?"

தாராளமாக ஓட்டலாம், புதுசைப் போட்டதும் நானே கூட வந்து பாலம் ஏறிக் காட்டுகிறேன் என்றேன். தலையசைத்தார். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார்:

"மூணு வாரமா தினம் போகாம விட்டுட்டேன்பா. போன ஞாயித்துக்கிழமை, நீங்க யாருன்னு கேட்டா."